ஒன்பதாம் நாடாவின் குரல்

தங்கச்சிமடம்
6 ஜூலை 2025, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

சேசுவுக்குப் புகழ். தம்பி வினோத் எழுதுகிறேன். உறையின் மேல் கன்னியர் மடத்தில் உனக்கு வைத்த பெயரை எழுதியிருக்கிறேன். உள்ளே நீ பிரெசில்லா அக்காதான், அதை மாற்ற எனக்குக் கை வரவில்லை.

இங்கே அம்மா, அவர் மருமகள் லிண்டா, நான் மூவரும் சுகம். அம்மாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று. வலது கண்ணுக்குச் செப்டம்பரில் வரச் சொல்லியிருக்கிறார்கள், கண்ணாடி அதற்குப் பிறகுதான். அதுவரை டிவியில் முகம் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்கிறது என்று சொல்லிக்கொண்டு டிவிக்கு ஒரு முழம் கிட்டத்தில் போய் உட்காருகிறார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. புதுப் பாலத்தில் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு லிண்டாவுக்கு மண்டபம் போய்வருவது சுலபமாகிவிட்டது. தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகின்றன. கணவாய் மீன் நன்றாகப் படுவதாகச் சொல்கிறார்கள்.

என் ஸ்டூடியோவுக்கு ஒரு புது வேலை வந்திருக்கிறது. அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1982-இல் ஒரு ஜெர்மன் ஆராய்ச்சிக்காரரும் அவர் மனைவியும் நம் கரையில் நாலு மாதம் தங்கி வள்ளங்களைப் படம் எடுத்திருக்கிறார்கள். அவரிடம் இருந்தது 16 எம்.எம். கேமரா. அதில் படம் மட்டும்தான் பதியும். சத்தத்தை அந்த அம்மாள் தனியாக ஒரு டேப் ரெக்கார்டரில் எடுத்திருக்கிறார். இருவரும் காலமான பிறகு பிள்ளைகள் பெட்டிகளை எல்லாம் சென்னையில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். படச்சுருள் ஒரு பெட்டி, ஒலிநாடா ஒரு பெட்டி. எந்தப் படத்துக்கு எந்தச் சத்தம் என்று எழுதி வைத்த நோட்டில் பாதி செல்லரித்துப்போய்விட்டது. இப்போது இரண்டையும் கம்ப்யூட்டருக்கு மாற்றிச் சேர்க்கப் பார்க்கிறார்கள். சென்னையில் முதலில் உட்கார்ந்த எடிட்டருக்கு நம் பேச்சு பிடிபடவில்லையாம். வலை இழுப்பவன் வாயில் மீன் ஏலம் போடுகிறவன் குரலை வைத்திருக்கிறார். அதனால்தான் நம் பங்குச் சாமியாரிடம் விசாரித்து என்னைத் தேடி வந்தார்கள்.

கல்யாண வீட்டில் நான் செய்கிற வேலைதான் இது. படம் கேமராவில் இருக்கும், குரல் மைக்கில் இருக்கும், பிறகு சேர்ப்போம். ஆனால் அங்கே ஆரம்பத்தில் ஒரு கைதட்டு தட்டிவிடுவேன். தட்டிய கையும் தட்டிய சத்தமும் சேர்ந்தால் மீதி தானாகச் சேரும். இதில் கைதட்டு எதுவும் கிடையாது. அந்த அம்மாள் விரலால் மைக்கை இரண்டு தரம் சுண்டுகிறார், அது கேட்கிறது. ஆனால் அவர் படத்துக்குள் இல்லையே!

படங்கள் இன்னும் வந்து சேரவில்லை. முதலில் ஒலிநாடாக்களை மட்டும் அனுப்பினார்கள், மொத்தம் பதினாலு. போன செவ்வாய்க்கிழமை வீட்டில் உட்கார்ந்து ஒன்பதாம் நாடாவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘தங்கச்சிமடம், 7 பிப்ரவரி 1982’ என்று மட்டும் குறிப்பு. ஓர் ஆண் குரல், நல்ல கனமான குரல், காற்றில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்கிறது. நடுவே ஒரு பெண் வந்து, “டீத்தண்ணி ஆறிப்போகுது, குடிச்சிட்டுப் பேசுங்க” என்கிறாள்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். கையை அப்படியே நிறுத்திவிட்டு, “ஏலே, அது நானுல்ல?” என்றார்.

மறுபடி போட்டேன். அம்மாதான். முப்பது வயது அம்மா. குரலில் அந்த அவசரம் இன்னும் மாறவில்லை. வெள்ளைக்காரர்கள் வந்ததும், அந்த அம்மாளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததும் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வந்தது. பிறகு அந்த ஆண் குரலைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். நாலாவது தரம் கேட்டுவிட்டுச் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். “அவுகதான்லே. உங்க அய்யாதான். இந்தக் குரலு என் காதுல கிடந்த குரலு” என்றார்.

நானும் இன்னொரு தரம் போட்டுக் கேட்டேன், அக்கா. அய்யா கடலோடு போனபோது எனக்கு ஒன்றரை வயது. எனக்குத் தெரிந்த அய்யா கல்யாணப் போட்டோவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்கும் ஓர் ஆள்தான். அந்த ஆள் பேசிக் கேட்டது இப்போதுதான். நாற்பத்து மூன்று வயதில்.

குரலை அம்மாவின் போனில் ஏற்றிக் கொடுத்திருக்கிறேன். சாயங்காலம் செபமாலை முடிந்ததும் காதில் வைத்துக் கேட்கிறார். ஒரு தரம் கேட்டுவிட்டு, போனைத் துடைத்து மாதா படத்தின் பக்கத்தில் வைத்துவிடுகிறார்.

அய்யா போகும்போது உனக்கு ஒன்பது வயது. உனக்கு அவர் குரல் ஞாபகம் இருக்கும். எப்படிப் பேசுவார், உன்னை என்ன சொல்லிக் கூப்பிடுவார் என்று இரண்டு வரி எழுது. மடத்தில் போன் கிடையாது என்று தெரியும். கேட்க அனுமதி கிடைக்குமென்றால் ஒரு சின்ன பிளேயரில் போட்டு நானே கொண்டுவருகிறேன்.

உன் செபத்தில் எங்களை நினைத்துக்கொள்.

உன் தம்பி
சகாயவினோத்


தங்கச்சிமடம்
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. மடத்தில் எலுமிச்சை காய்த்ததையும், ஒரு வயதான சகோதரி இறந்ததையும், அம்மாவின் கண்ணுக்காக நவநாள் செய்வதையும் எழுதியிருந்தாய். அய்யாவின் குரலைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. மறந்திருப்பாய் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று பிறகு வருகிறேன்.

முதலில் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

படங்கள் ஜூலை பதினைந்தாம் தேதி வந்தன. ஒன்பதாம் நாடாவுக்கு உரிய படத்தைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. நம் பழைய வீட்டுக்குக் கீழே உள்ள கரை. ஒரு வள்ளத்தை மேலே இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அதன் ஓரத்தில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் முகம் நன்றாகத் தெரிகிறது. அது நம் அய்யா. போட்டோவில் இருப்பதைவிட ஒல்லி. சட்டை இல்லை, கழுத்தில் மாதா படம் கோத்த உத்தரியக் கயிறு. இன்னொருவர் சாரம் கட்டித் தொப்பி போட்டவர், முதலில் அவருடைய தோள் மட்டும்தான் தெரிகிறது. பின்னால் ஓர் ஆசாரி பலகையில் ஆணி அடிக்கிறார்.

அந்தச் சுத்தியல்தான் எனக்குக் கைதட்டு. ஏழு அடி அடிக்கிறார், நிறுத்துகிறார், மறுபடி மூன்று. நாடாவிலும் ஏழு, பிறகு மூன்று. முதல் அடியை முதல் அடியோடு சேர்த்துவைத்தேன். ஆனால் அந்தக் காலத்துக் கேமரா ஒரே வேகத்தில் ஓடாது. டேப்பும் அப்படித்தான். ஆரம்பத்தில் ஒட்டியிருந்த சத்தம் இரண்டரை நிமிடத்தில் ஒரு நொடி விலகிவிட்டது. படம் முடிகிற இடத்தில் அம்மா டீ கிளாஸைப் பலகையில் வைக்கிற சத்தம் நாடாவில் இருக்கிறது, அதையும் படத்தோடு பொருத்தி, நடுவில் உள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன். இப்போது சுத்தியல் எல்லாம் சரியாக விழுந்தது.

சுத்தியல் சரி. அய்யாவின் வாய் சரியில்லை.

‘ம’ சொன்னாலும் ‘ப’ சொன்னாலும் உதடு மூட வேண்டும். இந்த வேலையில் நாங்கள் பார்ப்பது அதைத்தான். குரல் ‘பாம்பன்’ என்கிறது, அய்யாவின் உதடு அசையவே இல்லை. அசையவும் முடியாது. கயிறு பின்னிக்கொண்டிருக்கிறார், கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருக்கிறார். நான் வேறு படமாக இருக்கும் என்று எல்லாச் சுருளையும் திரும்பப் பார்த்தேன். இதுதான். பிறகு கேமரா மெதுவாக நகர்ந்து இன்னொருவரின் முகத்துக்கு வருகிறது. அவர் பேசுகிறார். ‘பாம்பன்’, ‘பாய்மரம்’, ‘மழை’ எல்லாம் அவர் உதட்டில் வந்து உட்காருகின்றன. ஒரு சொல் பிசகவில்லை.

அந்தக் குரல் அய்யாவுடையது இல்லை, அக்கா.

காப்பகத்துக்குப் போன் செய்து நோட்டில் மீதி இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். அன்றைய தேதியில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்று சவேரியார், நம் அய்யா. இன்னொன்று ஹமீது சுல்தான், பெரியபட்டினம்.

அந்தப் பெயரை நம் வீட்டில் சொல்லக் கூடாது என்பது எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். வள்ளத்தில் பாதி அய்யாவுடையது, பாதி அவருடையது. அய்யா போன பிறகு இரண்டரை வருடம் வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து பார்த்துவிட்டு, ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார். “பங்காளி செத்தா பந்தமும் செத்துப்போச்சுன்னு நெனச்சுட்டாரு” என்று அம்மா சொல்லாத வருடம் இல்லை. அவர் இறந்த செய்தி வந்தபோதுகூட அம்மா போகவில்லை. அந்த மனிதரின் குரலைத்தான் அம்மா இப்போது தினமும் செபமாலை முடிந்ததும் காதில் வைத்துக் கேட்கிறார். நான் பக்கத்தில் இருக்க முடியாமல் கடைக்குப் போய்விடுகிறேன்.

அம்மா ஏமாந்ததில் தப்பில்லை. அய்யாவுக்குப் பிறகு நம் வாசலில் கேட்ட ஆண் குரல் அவருடையதுதானே!

காப்பகத்துக்கு ஆகஸ்ட் கடைசிக்குள் பெயர்களோடு முடித்துக் கொடுக்க வேண்டும். தெரிந்தே தப்பான பெயரைப் போட முடியாது. அவர் வீட்டாருக்கும் தெரிய வேண்டும். அதனால் போன புதன்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பெரியபட்டினம் போனேன். அம்மாவிடம் ராமநாதபுரத்தில் வேலை என்று சொன்னேன்.

அவருடைய மகள் சூஃபியா, ஸ்கூல் டீச்சராக இருந்து இப்போதுதான் ஓய்வு பெற்றிருக்கிறார். நான் யார் என்று சொன்னதும் கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார். படத்தைப் போட்டேன். அவர் வீட்டிலும் வாப்பாவின் குரல் எதிலும் பதிந்திருக்கவில்லையாம். திரையில் அவர் வாய் திறந்ததும் சூஃபியா அக்கா எழுந்து நின்றுவிட்டார். “எங்க வாப்பா... யா அல்லா, எங்க வாப்பா பேசுறாக” என்று சொல்லிக்கொண்டே திரைக்குக் கிட்டே போனார். ஐந்து தரம் போட்டோம். ஆறாவது தரம் பேரப் பிள்ளைகளை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுப் போடச் சொன்னார்.

டீ குடிக்கும்போது நான்தான் வாயைத் திறந்தேன். அம்மாவுக்கு அவர் மேல் உள்ள வருத்தத்தைச் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொல்லிவிட்டேன். சூஃபியா அக்கா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“தம்பி, ஒங்களுக்குத் தெரியாதா? வரவேணாம்னு சொன்னது ஒங்க வீட்டுப் புள்ளதான். வாப்பா அன்னைக்கு வந்து உம்மாகிட்டச் சொன்னாக, நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். ‘பச்சப்புள்ள வாசல்ல நின்னு கையெடுத்துக் கும்புட்டு, வராதீங்க மாமான்னு சொல்லுச்சு. நான் போறதால அதுக்குப் பள்ளிக்கூடத்துல பேச்சு. வரலன்னு வாக்குக் குடுத்துட்டேன். நீ யார்ட்டயும் சொல்லிராத, அந்தப் புள்ளைக்கு அடி விழும்’னாக. அதுக்கப்புறம் பாம்பன் பக்கம் போனாலும் ஒங்க தெருவுக்குள்ள போனதில்ல. பாம்பன் கருவாட்டுக் கிட்டங்கில ஒங்கம்மாவுக்கு வேலை வாங்கிக் குடுத்ததும் வாப்பாதான். பேரச் சொல்லக் கூடாதுன்னு மொதலாளிட்டச் சொல்லிட்டாக.”

நம் வீட்டில் அப்போது பிள்ளைகள் என்று இருந்தது நாம் இருவர். எனக்கு நாலு வயது.

அக்கா, உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. வண்டியில் வருகிறபோது மரைக்காயர்பட்டினம் விலக்கு வரைக்கும் மனதுக்குள் உன்னோடு சண்டை போட்டேன், அது உண்மை. பிறகு சண்டை ஓய்ந்துவிட்டது. பதினொரு வயதில் பள்ளிக்கூடத்தில் உன்னிடம் யார் என்ன சொன்னார்களோ, நீ யாரிடமும் சொல்லவில்லை.

அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. குரல் யாருடையது என்று நான் சொல்லிவிட முடியும். அவர் ஏன் வராமல் போனார் என்பதைச் சொல்ல வேண்டியது நான் இல்லை. ஒன்றைச் சொல்லி இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால், அம்மா அந்தப் போனைத் தூக்கி எறிவார். சுல்தான் மாமா இன்னொரு முறை கெட்டவராகிவிடுவார்.

இன்னும் ஒரு செய்தி இருக்கிறது, இதை உனக்காக வைத்திருக்கிறேன். படத்தில் இரண்டாவது நிமிடத்தில், சுல்தான் மாமா ‘அன்னைக்கு வாடைக் காத்து’ என்று சொல்லும்போது, அய்யா பல்லிலிருந்து கயிற்றை எடுக்கிறார். ஏதோ சொல்கிறார். திரும்பவும் கயிற்றைக் கடித்துக்கொள்கிறார். நாடாவில் அந்த இடத்தில் சுத்தியலும் காற்றும் கலந்து ஏதோ ஒரு முனகல்தான் இருந்தது, நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. படத்தோடு சேர்த்த பிறகுதான் அது ஒரு குரல் என்றே தெரிந்தது. சத்தங்களைப் பிரித்து எடுத்துப் பார்த்தேன். “கொண்டல், மாமா. வாடையில்ல.” அவ்வளவுதான், காற்றின் பெயரைத் திருத்துகிறார். ‘மாமா’வில் உதடு இரண்டு தரம் மூடுகிறது, சரியாக இரண்டு தரம். குரல் மெல்லியது, கொஞ்சம் மூக்கால் பேசுகிற மாதிரி. எனக்கும் அப்படித்தான் என்று லிண்டா சொல்கிறாள்.

படத்தின் கடைசியில் அம்மா டீ கொண்டுவரும்போது நீயும் சேலையைப் பிடித்துக்கொண்டு வருகிறாய், இரட்டைச் சடை. நானும் இருக்கிறேன், அம்மாவின் வயிற்றில்.

அம்மாவுக்கு நீ ஒரு கடிதம் எழுத வேண்டும். ஆகஸ்ட் முடிவதற்குள். வேறு எதுவும் நான் கேட்கவில்லை.

உன் தம்பி
வினோத்


16 ஆகஸ்ட் 2025

என் அன்பு அம்மாவுக்கு,

சேசு மரி சூசை துணை. நேற்று விண்ணேற்புத் திருநாள் முடிந்தது. திருநாளுக்கு முன்னால் எழுத வேண்டும் என்று மூன்று தாள் எழுதினேன். மூன்றையும் கிழித்தேன். இதை எங்கள் தலைமைச் சகோதரியிடம் சொல்லிவிட்டு எழுதுகிறேன். கிழிக்க மாட்டேன்.

அம்மா, வினோத் போட்டுக் கொடுத்து நீங்கள் கேட்கிற குரல் அய்யாவுடையது இல்லை. பெரியபட்டினம் சுல்தான் மாமாவுடையது. வினோத் படத்தையும் சத்தத்தையும் சேர்த்தபோது தெரிந்தது. அவன் மேல் கோபப்படாதீர்கள். உங்களிடம் சொல்ல வேண்டியது என்னிடம் இருந்ததால் அவன் காத்திருந்தான்.

சுல்தான் மாமா நம் வீட்டுக்கு வராமல் போனது அவராக அல்ல. நான்தான் வர வேண்டாம் என்று சொன்னேன்.

ஆறாம் வகுப்பில் என் பெஞ்சில் இருந்த பிள்ளைகள், வெள்ளிக்கிழமை வந்தால், “இன்னைக்கு ஒங்க புது அய்யா வாராரா” என்று கேட்பார்கள். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு வெள்ளிக்கிழமைகளில் வயிற்று வலி என்று சொல்லிப் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தேன், நீங்கள் ஓமத் தண்ணீர் கொடுத்தீர்கள். அதற்குப் பிறகு குழாயடியில் பெரியவர்களே உங்களைப் பற்றிப் பேசியது என் காதில் விழுந்தது. அந்தச் சொற்களை இப்போதும் எழுத மாட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வேலி ஓரத்தில் நின்றேன். நீங்கள் தண்ணீர் எடுக்கப் போயிருந்தீர்கள். அவர் பாம்பன் ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தார், கையில் ஒரு பை. நான் கும்பிட்டுச் சொன்னேன். அவர் பையைக் கீழே வைத்தார்.

“அம்மாவுக்குத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றேன். “பள்ளிக்கூடத்துல எதும் சொல்றாகளா?” என்றார். நான் அழுதுவிட்டேன் என்று நினைக்கிறேன். அவர் தலையைத் துண்டால் துடைத்துக்கொண்டு, “சரி ஆத்தா, நான் வரல. நீ நல்லாப் படி” என்றார். பையை என்னிடம் கொடுத்துவிட்டு வந்த வழியே போனார். பையில் மீனும், ஓலையில் கட்டிய இனிப்புத் தொதலும் இருந்தன. பக்கத்து வீட்டில் கொடுத்ததாக உங்களிடம் பொய் சொன்னேன். தொதலைத் தம்பிக்குக் கொடுத்தேன், நான் சாப்பிடவில்லை.

அவர் ஒரு தரமாவது வாக்கை மீறி வந்துவிடுவார் என்று நினைத்தேன். வரவில்லை. நீங்கள் அவரைத் திட்டும்போதெல்லாம் சொல்ல வாய் எடுப்பேன். ஒரு வருடம் கழித்துச் சொன்னால் அடிப்பீர்கள் என்று பயம். ஐந்து வருடம் கழித்து வெட்கம். மடத்துக்கு வந்த பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேன். சாமியார் மன்னித்தார். சொல்ல வேண்டிய இடம் அது மட்டுமில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

அய்யாவின் குரல் ஞாபகம் இருக்கிறதா என்று வினோத் கேட்டிருந்தான். அம்மா, அய்யாவை நினைத்துக் கண்ணை மூடினால் என் காதில் கேட்பது, “சரி ஆத்தா, நான் வரல” என்பதுதான். உங்களைப் போல நானும் அந்தக் குரலைத்தான் வைத்திருக்கிறேன். அதனால்தான் அவனுக்குப் பதில் எழுத முடியவில்லை.

நீங்கள் சூஃபியா அக்காவைப் போய்ப் பாருங்கள். நான் போக முடியாது. என் பெயரைச் சொல்லி, நான் செய்ததையும் சொல்லி, எனக்காக அவர்களிடம் மன்னிப்புக் கேளுங்கள். உங்களிடம் நான் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

உங்கள் மகள்
பிரெசில்லா


தங்கச்சிமடம்
31 ஆகஸ்ட் 2025

மகள் பிரெசில்லாவுக்கு அம்மா எழுதுவது.

உன் கடுதாசி வந்தது. கண் சரியாகத் தெரியாததால் லிண்டா வாசித்தாள். பாதியில் அவள் தாளை மடியில் வைத்துவிட்டாள். பிறகு நானே வாங்கி, வெளிச்சத்தில் வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தேன். இதை நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள்.

ரெண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன். அந்த மனுசனை நான் என்னவெல்லாம் பேசியிருக்கிறேன். கிட்டங்கியில் இருபது வருசம் வேலை பார்த்தபோது, என் கையால் சம்பாதித்துப் பிள்ளைகளை வளர்த்தேன், எவன் தயவும் எனக்கு இல்லை என்று அவர் காதில் விழட்டும் என்றே சொல்லியிருக்கிறேன்.

மூணாம் நாள் கோயிலில் உட்கார்ந்திருக்கும்போது வேறு ஒன்று பட்டது. இந்த ஊர் என்னைப் பேசியிருக்கிறது, எனக்குத் தெரியாது. ஒரு சொல்கூட என் காதுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் பதினொரு வயசில் நீ ஒருத்தியாக வாங்கிக்கொண்டு, வயிறு வலிக்குது என்று படுத்திருக்கிறாய். நான் ஓமத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன். பெற்றவள் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

வினோத்தும் நானும் போன வியாழக்கிழமை பெரியபட்டினம் போய்வந்தோம். சூஃபியா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. நீ சொல்லச் சொன்னதைச் சொன்னேன். “புள்ள அன்னைக்கே வாப்பாட்ட நேராச் சொல்லிருச்சு, அதுல மன்னிக்க என்ன இருக்கு மாமி” என்றாள். அவரை அடக்கிய கபர் பள்ளிவாசல் பக்கம் இருக்கிறது. நான் சுவருக்கு வெளியே நின்றுகொண்டேன். சொல்ல வேண்டியதை அங்கிருந்து சொன்னேன். அதற்கே ரொம்ப நேரம் ஆனது. வினோத் வண்டிப் பக்கம் போய் நின்றுகொண்டான், நல்ல பிள்ளை.

அவர் குரலைப் போனிலிருந்து எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் கேட்கிறேன். இப்போது யார் குரல் என்று தெரிந்து கேட்கிறேன்.

உங்கள் அய்யா பேசியதையும் வினோத் போட்டுக் காட்டினான். பெரிய திரையில் போட்டதால் முகம் ஓரளவு தெரிந்தது. குரலைக் கேட்டால் அவுகளா இல்லையா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கட்டின புருசன் குரல் மறந்துபோச்சு, அதை யாரிடம் சொல்ல. ஆனால் பெரியவர் பேசும்போதும் காற்றுப் பேரைத் தப்பாகச் சொன்னால் விட மாட்டாக. அது அவுகதான். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வினோத் ரெண்டு பேர் பெயரையும் எழுதி வேலையை முடித்து அனுப்பிவிட்டான். டீ கொண்டுவருகிற ஆள் பெயரையும் எழுதினானாம்.

செப்டம்பர் எட்டு, மாதா பிறந்தநாள் கழிந்து, அதே வாரம் சனிக்கிழமை உன் மடத்துக்கு வருகிறோம். சூஃபியாவும் வருகிறேன் என்கிறாள். உங்கள் பெரிய சகோதரியிடம் இப்போதே அனுமதி கேட்டு வை. சாப்பிட எதுவும் கொண்டுவரலாமா என்று எழுது. கருவாடு உள்ளே விட மாட்டார்கள் என்று வினோத் சொல்கிறான்.

மடத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான். அரை மணி நேரம்தான் விடுவார்கள் என்றால், போன தடவை மாதிரி என் சர்க்கரையைப் பற்றியும் மாத்திரையைப் பற்றியும் கேட்டு நேரத்தைத் தீர்த்துவிடாதே. என்னைப் பேச விடாதே. நீயே பேசு மகளே. எது வேண்டுமானாலும் பேசு. நான் கேட்டுக்கொண்டு இருக்கிறேன்.

ஆண்டவர் உன்னைத் தம் கையில் வைத்துக் காக்கட்டும்.

உன் அம்மா
ஜோதிமேரி